தேடலில் தொலையும் ஊர்: செய்யூரை முன்வைத்துத் தமிழ் ஆய்வுத் தளங்களின் தேடுபொறிச் சிக்கல்களும் தீர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வுக்கட்டுரைகள், ஊர் வரலாறுகள், இலக்கியப் பதிப்புகள் பல இணையத்தில் இருந்தும் தேடுபவர் கண்ணில் படுவதில்லை. இதற்குத் தேடுபொறியின் பாராமுகமே காரணம் எனத் தள உரிமையாளர் பலர் கருதுகின்றனர். பெரும்பாலான நேர்வுகளில் காரணம் பக்கத்திலேயே உள்ளது. எழுத்துக் குறியேற்றம், ஊர்ப்பெயரின் எழுத்து வேறுபாடு, படமாக வைக்கப்பட்ட உரை, தவறாக இடப்பட்ட தடைக் கட்டளை, ஒரே கட்டுரைக்குப் பல முகவரிகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. செங்கல்பட்டு மாவட்டச் செய்யூரையும் அதன் சுற்றுப்புற இலக்கிய, வரலாற்றுப் பெயர்களையும் சான்றாகக் கொண்டு, தள உரிமையாளர் அடிக்கடி எழுப்பும் வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செய்யூர், சேயூர், தேடுபொறி, ஒருங்குறி, அட்டவணையிடல், பாடவேறுபாடு, கூகுள் ஸ்காலர், இணைய இதழ்.

1. முன்னுரை

முன்னாய்வுகளைத் தொகுப்பது ஆய்வேட்டின் முதற்படியாகும். முன்பு இப்பணி நூலக அட்டவணைகளிலும் நூலடைவுகளிலும் நிகழ்ந்தது. இன்று அது தேடுபொறியின் ஒற்றைப் பெட்டியில் தொடங்கிப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. பெட்டியில் இட்ட சொல்லுக்கு விடை கிடைக்காதபோது, ‘இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்னும் தொடர் ஆய்வேட்டில் இடம்பெற்றுவிடுகிறது. இவ்வாறு தேடலில் கிடைக்காமை, புலமை உலகில் இல்லாமையாக மாறுகிறது. செய்த ஆய்வு மீண்டும் செய்யப்படுவதும், செய்தவர் பெயர் மறக்கப்படுவதும் இதன் விளைவுகளாகும்.

தேடுபொறி உகப்பாக்கம் என்னும் துறை வணிகத் தளங்களுக்குரிய விளம்பர உத்தியாகவே பலராலும் அறியப்படுகிறது. ஆய்வுத் தளங்களைப் பொறுத்தவரை அது பதிப்புப் பணியின் ஒரு பகுதியாகும். சுவடியில் உள்ள பாடத்தைப் படிக்கத்தக்க வடிவில் தருவது பதிப்பாசிரியரின் கடமை. அதுபோல, பக்கத்தில் உள்ள உரையை எந்திரம் படிக்கத்தக்க வடிவில் தருவது தள உரிமையாளரின் கடமையாகிறது.

2. செய்யூர் என்னும் சான்று

செய்யூர், செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் வங்கக் கடற்கரையை ஒட்டிய வட்டத்தின் தலைமையிடமாகும். முருகன் கோயில் கொண்ட இவ்வூர் இலக்கியங்களில் ‘சேயூர்’ என வழங்கும். சேய் என்பது முருகனைக் குறிக்கும் சொல். அந்தகக்கவி வீரராகவ முதலியார் இயற்றிய பிள்ளைத்தமிழ் ‘சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்’ என்றே பெயர் பெற்றது. சேறைக் கவிராச பிள்ளையின் உலாவும் ‘சேயூர் முருகன் உலா’ எனப்பட்டது. வருவாய்த்துறை ஆவணம், தேர்தல் பட்டியல், பேருந்துப் பலகை ஆகியவற்றிலோ ‘செய்யூர்’ என்னும் வடிவமே உள்ளது. ஆகவே ஊரின் நிருவாக வரலாறு ஒரு பெயரிலும் இலக்கிய வரலாறு மற்றொரு பெயரிலும் சேமிக்கப்பட்டுள்ளன.

இச்சிக்கல் ஊர்ப்பெயரோடு முடிவதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியின் பெயராக நிலைத்துள்ளது. ஆயினும் ‘நல்லூர்’ என்று மட்டும் தேடுபவர், தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள எண்ணற்ற நல்லூர்களிடையே சிக்குவார். அந்நூல் குறிப்பிடும் வேலூரை அறிஞர்கள் உப்புவேலூர் எனச் சுட்டுவர். ‘வேலூர்’ என்னும் சொல்லோ தேடுபவரை மாவட்டத் தலைநகரான வேலூருக்கே இட்டுச் செல்லும். கடப்பாக்கம் அருகே கடலோரத்தில் சிதைந்து நிற்கும் கோட்டை ஆலம்பரை, ஆலம்பறை, ஆலம்பாறை எனப் பலவாறாக எழுதப்படுகிறது.

ரோமன் எழுத்தில் செய்யூரின் பெயர் ‘சி, எச்’ என்னும் எழுத்துகளில் தொடங்கியும் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்கியும் வரும். நடுவிலுள்ள ‘ஒய்’ ஒற்றையாகவும் இரட்டையாகவும் வரும். திருவண்ணாமலை மாவட்டச் செய்யாறும் அவிநாசிப் பகுதிச் சேவூரும் இவ்வடிவங்களோடு எளிதில் குழம்பக்கூடியவை. இதனோடு, இப்பகுதியில் முன்மொழியப்பட்ட 4000 மெகாவாட் அனல்மின் திட்டம் பற்றிய செய்திகளும் இதே பெயரில் குவிந்துள்ளன. பெரும் ஊடகங்களின் செய்திகளுக்கிடையே ஒரு சிறு ஆய்வுத் தளத்தின் கோயிற்கட்டுரை முன்னிடம் பெறுவது எளிதன்று.

3. தேடுபொறி செயற்படும் முறை

தள உரிமையாளரின் வினாக்களுக்கு விடை காணுமுன், தேடுபொறியின் மூன்று படிநிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, அணுகல். க்ராலர் எனப்படும் தேடுநிரல், ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளின் வழியே அடுத்த பக்கத்தை அடைந்து அதன் உள்ளடக்கத்தைப் பெறுகிறது. இரண்டாவது, அட்டவணையிடல். பெறப்பட்ட உரை சொற்களாகப் பகுக்கப்பட்டு, எச்சொல் எப்பக்கத்தில் வருகிறது என்னும் சொல்லடைவாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றாவது, தரவரிசை. தேடற்சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்களுள் எதை முன்வைப்பது என்பது இங்கு முடிவாகிறது.

‘எங்கள் தளம் தேடலில் வரவில்லை’ என்னும் குறை இம்மூன்றுள் எந்தப் படியிலும் தோன்றியிருக்கலாம். அணுகலில் உள்ள தடையைத் தரவரிசைக் குறையாகக் கருதி, தலைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை. படிநிலையைக் கண்டறிவதே சிக்கல் நீக்கத்தின் முதற்செயலாகும்.

4. அணுகலும் அட்டவணையிடலும் சார்ந்த வினாக்கள்

4.1 தளம் அட்டவணையில் உள்ளதா என அறிவது எவ்வாறு?

கூகுள் தேடற்பெட்டியில் ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியின்றித் தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்தால், அத்தளத்தில் அட்டவணையிடப்பட்ட பக்கங்கள் தோன்றும். இப்பட்டியல் முழுமையானதன்று; தொடக்கச் சோதனைக்கு மட்டும் உதவும். துல்லியமான விடைக்குக் கூகுள் வழங்கும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கட்டணமில்லாக் கருவியே உரியது. தளத்தின் உரிமையை மெய்ப்பித்தபின், தனியொரு பக்கத்தின் முகவரியை அதில் இட்டால், அப்பக்கம் அட்டவணையில் உள்ளதா, இல்லையெனில் காரணம் யாது என்பதை அக்கருவி தெரிவிக்கும்.

4.2 பக்கம் முழுமையாக விடுபடுவது ஏன்?

முதலில் ஐயுற வேண்டியது தடைக் கட்டளையையே. தளங்களின் வேர்க்கோப்புறையில் ‘ரோபாட்ஸ்’ என்னும் உரைக்கோப்பு இருக்கும். தேடுநிரல் எப்பகுதிக்கு வரலாம், எப்பகுதிக்கு வரலாகாது என்பதை அது கூறும். 1994இல் தோன்றிய இவ்வழக்கம் 2022இல் முறையான இணையத்தரமாக வெளியிடப்பட்டது. மற்றொன்று, பக்கத்தின் தலைப்பகுதியில் இடப்படும் ‘நோஇண்டெக்ஸ்’ என்னும் குறி. இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது வருகையைத் தடுக்கும். பின்னது அட்டவணையிடலைத் தடுக்கும். ரோபாட்ஸ் கோப்பால் தடுக்கப்பட்ட பக்கத்துள் நிரல் நுழையாததால், அங்குள்ள நோஇண்டெக்ஸ் குறியை அது காண்பதேயில்லை. அட்டவணையிலிருந்து ஒரு பக்கத்தை நீக்க விரும்புவோர் இரண்டையும் ஒருங்கே இட்டால் எண்ணியதற்கு மாறான விளைவு நேரலாம்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில், தேடுபொறிகள் தளத்தை அட்டவணையிட வேண்டா எனக் கேட்டுக்கொள்ளும் ஒரு தெரிவுக்கட்டம் உண்டு. தளத்தை உருவாக்கும் காலத்தில் அதனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளியிட்டபின் நீக்க மறப்பது பரவலாகக் காணப்படும் பிழை. கட்டுரைகள் பல வெளிவந்தும் ஒன்றேனும் தேடலில் தோன்றவில்லையெனில் இக்கட்டத்தையே முதலில் நோக்க வேண்டும்.

4.3 புதிய பக்கம் தோன்ற எத்தனை நாள் ஆகும்?

சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். தளவரைபடக் கோப்பு ஒன்றை உருவாக்கிச் சர்ச் கன்சோலில் தெரிவிப்பது, தேடுநிரலுக்குப் பக்கங்களின் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம். எனினும் பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் அட்டவணையில் இடம் உறுதியாவதில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு உடனடியாக முதலிடம் தருவதாகக் கூறுவோரை நம்புவதற்கில்லை. இயல்தேடல் முடிவுகளில் முன்னிடத்தைக் கூகுள் பணத்திற்கு விற்பதில்லை.

4.4 முகப்பிலிருந்து எட்டாத கட்டுரைகளின் நிலை யாது?

சில இதழ்த் தளங்களில் பழைய இதழ்களை அடைய ஆண்டையும் மாதத்தையும் தெரிவுப்பெட்டியில் தேர்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். மனிதர் அழுத்துவர், தேடுநிரல் பொதுவாக அழுத்துவதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் நேரடி இணைப்புக் கொண்ட எளிய இதழ்ப்பட்டியல் ஒன்று இருந்தால் இக்குறை நீங்கும்.

5. எழுத்தும் உரையும் சார்ந்த வினாக்கள்

5.1 கண்ணுக்குத் தெரியும் தமிழ் எந்திரத்திற்குத் தெரியாதது ஏன்?

தமிழ்த் தளங்களுக்கே உரிய பெருஞ்சிக்கல் இது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியேற்றத்தைக் கொண்டிருந்தன. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட்’99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. இணையக் குழுக்களிடையே டிஸ்கி வழங்கியது. 2010 ஜூனில் ஒருங்குறியும் டேஸ்16 குறியேற்றமும் தமிழ்நாடு அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்களின் ஆட்சி முற்றிலும் நீங்கவில்லை.

பாமினி போன்ற எழுத்துருவில் ‘அ’ எனத் தோன்றும் இடத்தில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’மின் குறியெண். திரையில் தமிழ் தோன்றினாலும் தேடுபொறியின் சொல்லடைவில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையே பதிவாகும். அவ்வுரையைத் தமிழில் தேடி அடைய இயலாது. டேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், அதில் வெளியிடப்பட்ட உரையும் வழக்கமான ஒருங்குறித் தேடலுக்குப் பொருந்துவதில்லை.

இதனைச் சோதிக்கும் வழி எளிது. பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியைத் தெரிவுசெய்து நகலெடுத்துத் தேடற்பெட்டியில் ஒட்ட வேண்டும். அதே தமிழ் வரி தோன்றினால் உரை செம்மையானது. ஆங்கிலக் கோவை தோன்றினால் அது பழைய குறியேற்றம். எதையும் தெரிவுசெய்ய இயலாவிட்டால் அது படம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னே பிரிந்து நின்றால், கோப்பை உருவாக்கிய மென்பொருள் எழுத்து வரிசையைக் குலைத்துள்ளது எனக் கொள்ள வேண்டும். பழைய குறியேற்றத்தைக் குறியேற்ற மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். படத்தை எழுத்துணரி வழி உரையாக்கி மெய்ப்புப் பார்க்கலாம். 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், முற்காலக் குறியேற்றங்களில் இருந்த மின்னூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டது இதற்குத் தக்க முன்மாதிரியாகும்.

5.2 ஒருங்குறியில் எழுதியும் பொருந்தாமை ஏன்?

ஒருங்குறியிலும் ஒரே தோற்றத்திற்கு இருவேறு சேமிப்பு உண்டு. அந்தகக்கவி வீரராகவருடன் தொடர்புடைய ‘பொன்விளைந்த களத்தூர்’ என்னும் பெயரின் முதலெழுத்தைப் பகரமும் ஒகரக்குறியும் என இரு குறியெண்களாகச் சேமிக்கலாம். பகரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். இவ்விரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரம் வரையறுப்பதால், இயல்பாக்கம் செய்யும் பெரிய தேடுபொறிகளில் இடர் குறைவு. தளத்தின் உட்தேடற்கருவி அத்தகைய இயல்பாக்கம் செய்யாததாயின் இடர் தோன்றும்.

தோற்ற ஒப்புமையால் நேரும் பிழைகள் இவற்றினும் கடுமையானவை. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வது, துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தை இடுவது, உகரத்திற்குத் தமிழ் எண் இரண்டை இடுவது போன்றவை கண்ணை ஏமாற்றும். எந்திரத்திற்கு அவை வேறு சொற்கள். எழுத்துணரி வழிப் பெற்ற உரையில் இவை மிகுதி. மெய்ப்புப் பார்ப்பவர் இவற்றைத் தனியே சொல்வாரியாகத் தேடித் திருத்துதல் நன்று.

5.3 சேயூரா, செய்யூரா?

‘செய்யூர்’ நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது எட்டுக் குறியெண்களாகும். ‘சேயூர்’ மூன்றெழுத்துச் சொல், ஆறு குறியெண்களாகும். இவை ஓரூரைக் குறிப்பன என்பது ஊராருக்கும் புலவருக்கும் தெரியும். எந்திரத்திற்கு அதனை அறிவிப்பது உரை மட்டுமே. பெரிய தேடுபொறிகள் சில எழுத்து வேறுபாடுகளைத் தாமே இணைத்துக் காட்டுகின்றன. எனினும் அத்தகைய இணைப்பு மிகுதியாக எழுதப்பட்ட பெயர்களுக்கே வலுவாக அமையும். அரிதாக எழுதப்பட்ட சிற்றூர்ப் பெயர்களுக்கு அதனை நம்பியிருத்தல் கூடாது.

தீர்வு, தமிழ்ப் பதிப்பு மரபில் ஏற்கனவே உள்ளது. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை ஏற்றபின் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருவது வழக்கம். அதுபோலக் கட்டுரையின் முதற்பத்தியிலேயே, ‘இலக்கியங்களில் சேயூர் என வழங்கும் செய்யூர், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது’ என ஒரு தொடர் அமைந்தால் போதும். படிப்பவருக்கு அது செய்தி. எந்திரத்திற்கு அது இணைப்பு. செங்கல்பட்டு – செங்கற்பட்டு, மாமல்லபுரம் – மகாபலிபுரம், ஆலம்பரை – ஆலம்பறை ஆகியவற்றுக்கும் இதுவே முறையாகும்.

மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல். அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றில் செய்யூர், காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராகக் குறிக்கப்பட்டிருக்கும். பழைய கட்டுரையின் வாசகத்தைத் திருத்துவது முறையன்று. கட்டுரைக்கு மேலே உள்ள அறிமுகக் குறிப்பில் இன்றைய மாவட்டத்தைச் சேர்க்கலாம்.

5.4 வேற்றுமையும் சந்தியும் தேடலைப் பாதிக்குமா?

பாதிக்கும். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் பெயர்ச்சொல் உருபேற்றும் புணர்ந்தும் பல வடிவங்கொள்கிறது. ‘செய்யூரில்’, ‘செய்யூரின்’, ‘செய்யூர்க்’ என்பவற்றில் சொல்லின் முற்பகுதி மாறாது நிற்கிறது. ‘இடைக்கழிநாடு’ என்பதோ உருபேற்கும்போது ‘இடைக்கழிநாட்டு’ எனத் திரிகிறது. கட்டுரை முழுவதும் திரிந்த வடிவமே வருமாயின், எழுவாய் வடிவில் தேடுபவருக்கு அது எட்டாமற் போகலாம். தலைப்பிலோ சுருக்கத்திலோ திறவுச்சொற்களிலோ முதன்மைப் பெயர்கள் ஒருமுறையேனும் உருபேற்காத வடிவில் வருதல் வேண்டும். திறவுச்சொற் பட்டியலின் உண்மைப் பயன் இதுவேயாகும்.

6. முகவரியும் தரவரிசையும் சார்ந்த வினாக்கள்

6.1 பக்க முகவரி தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம், தேடுபொறிகள் அதனை ஏற்கின்றன. ஆயினும் ‘செய்யூர்’ என்னும் ஒரு சொல், நகலெடுத்து ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த 72 வரியுருக்களாக விரிவதுண்டு. எட்டுக் குறியெண்கள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகவும், ஒவ்வொரு பைட்டும் மூன்று வரியுருவாகவும் மாறுவதே காரணம். அடிக்குறிப்பிலும் அச்சிலும் இத்தகைய முகவரி சிதையும். ஆய்வுக்கட்டுரைக்குக் குறுகிய, மாறாத முகவரியே ஏற்றது. தமிழ்ப் பெயர் தலைப்பில் நின்றால் போதும்.

6.2 ஒரே கட்டுரை பல முகவரிகளில் இருந்தால் தண்டனை உண்டா?

தண்டனை என்பது மிகையான அச்சம். தேடுபொறி அவற்றுள் ஒன்றை மூலமாகத் தேர்ந்து மற்றவற்றை ஒதுக்கும். உரிமையாளர் விரும்பாத ஒன்றை அது தேர்வதே இடர். இதழ்ப் பக்கம், அச்சுவடிவப் பக்கம், பிடிஎஃப் கோப்பு என மூவிடங்களில் கட்டுரை இருப்பின், 2009இல் அறிமுகமான ‘கேனானிக்கல்’ குறியைக் கொண்டு மூலப்பக்கத்தைச் சுட்டலாம். தளம் புதிய முகவரிக்கு மாறும்போது பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்திற்கு நிலையான மாற்றுவழியாக அமைத்துக் குறைந்தது ஓராண்டேனும் காத்தல் வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்திற்கே திருப்பிவிடுவதால் கட்டுரைகள் ஈட்டிய மேற்கோள் இணைப்புகள் வீணாகும்.

6.3 திறவுச்சொற்களைப் பக்கத்தின் மறைபகுதியில் அடுக்குவது பயன்தருமா?

தராது. பக்கத்தின் மீத்தரவிலுள்ள ‘கீவேர்ட்ஸ்’ குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை எனக் கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. ஒரே சொல்லை உரையில் மிகையாக அடுக்குவது குப்பை உத்தியாகக் கருதப்படும். படிப்பவர் கண்ணில் படும் தலைப்பு, சுருக்கம், உள்தலைப்பு ஆகியவற்றில் பொருத்தமான சொல் இயல்பாக அமைவதே பயன்தரும். ‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’ என்று மட்டும் முடியும் பொதுத்தலைப்புகளைவிட நூல், ஊர், காலம் ஆகியவற்றைச் சுட்டும் தலைப்புகள் தேடலில் எளிதில் இனங்காணப்படும்.

6.4 பிற தளங்களின் இணைப்புகள் எவ்வளவு இன்றியமையாதவை?

1998இல் செர்ஜி பிரினும் லாரி பேஜும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, புலமை உலகின் மேற்கோள் மரபிலிருந்தே கருத்தைப் பெற்றது. பலரால் சுட்டப்படும் பக்கம் மதிப்பு மிகும். மதிப்புடைய பக்கத்தால் சுட்டப்படுவது மேலும் மதிப்பாகும். இன்று அது பல அளவுகோல்களுள் ஒன்றே எனினும் கைவிடப்படவில்லை. கல்லூரித் துறைப் பக்கம், தமிழ் விக்கிப்பீடியாவின் சான்றுப்பகுதி, பிற ஆய்விதழ்கள் ஆகியவற்றிலிருந்து இணைப்புப் பெறுவதால் தேடுநிரலும் வாசகரும் பக்கத்தை அடைவர். விலைக்கு வாங்கும் இணைப்புகள் தேடுபொறி விதிகளுக்கு மாறானவை. அவற்றால் தளம் ஒதுக்கப்படவும் கூடும்.

7. கூகுள் ஸ்காலரில் இடம்பெறாமை

ஆய்வாளர்களும் விரிவுரையாளர்களும் மிகுதியாக எழுப்பும் வினா இது. 2004 நவம்பரில் தொடங்கப்பட்ட கூகுள் ஸ்காலர், பொதுத்தேடலினும் கட்டுப்பாடான எதிர்பார்ப்புகளை உடையது. ஒவ்வொரு கட்டுரையும் தனி முகவரியில் இருத்தல் வேண்டும். உள்நுழைவின்றிச் சுருக்கமேனும் படிக்கக் கிடைத்தல் வேண்டும். பிடிஎஃப் கோப்பு, தேடத்தக்க உரை கொண்டதாகவும் 5 எம்பிக்கு மிகாததாகவும் இருத்தல் வேண்டும். தலைப்பு, ஆசிரியர், வெளியான நாள், கோப்பின் முகவரி ஆகியவை உரிய மீத்தரவுக் குறிகளில் தரப்படல் வேண்டும். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் போன்ற இதழ் மென்பொருள்கள் இக்குறிகளைத் தாமே உருவாக்குகின்றன.

தமிழகக் கல்லூரிகளில் கருத்தரங்க ஆய்வுக்கோவைகள் பல நூறு பக்கங்கள் கொண்ட ஒரே கோப்பாக வெளியிடப்படுவதுண்டு. அதனுள் செய்யூர்க் கோயிற் கல்வெட்டு குறித்த கட்டுரை இருப்பினும், எந்திரத்திற்கு அது ஒரு நூலின் நடுப்பக்கம் மட்டுமே. பக்கம் புரட்டும் காட்சிவடிவில் வைக்கப்படும் மலர்களின் நிலை இன்னும் மோசமானது. பலவற்றில் உரையே இராது, படங்களே இருக்கும். கோவையைக் கட்டுரைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பும் சுருக்கமும் கொண்ட தனிப்பக்கம் அமைப்பது ஒரு துறையின் மாணவர் சிலர் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க பணியாகும். ஸ்காலரில் ஏறிய பதிவில் செய்யும் திருத்தம் தெரியப் பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே முதற்பதிவிலேயே பெயரும் ஆண்டும் செம்மையாக இருத்தல் நன்று. ஆசிரியர் பெயரின் முன்னெழுத்து ஒரு கட்டுரையில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கிலத்திலும் வருமாயின் ஒருவரே இருவராகப் பதிவாகும் வாய்ப்புண்டு.

8. சிக்கல் நீக்க வரிசை

தள உரிமையாளர் கீழ்க்காணும் வரிசையில் சோதனை செய்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. தளம் திறக்கிறதா, பெயர்ப்பதிவு காலாவதியாகவில்லையா, பாதுகாப்புச் சான்றிதழ் நடப்பில் உள்ளதா எனக் காணுதல்.

2. ரோபாட்ஸ் கோப்பு, நோஇண்டெக்ஸ் குறி, மென்பொருளின் தெரிவுக்கட்டம் ஆகியவற்றில் தடை உள்ளதா எனக் காணுதல்.

3. சர்ச் கன்சோலில் பக்க நிலையைச் சோதித்தல், தளவரைபடம் அளித்தல்.

4. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டி, உரை ஒருங்குறியில் உள்ளதா எனச் சோதித்தல்.

5. தலைப்பிலும் முதற்பத்தியிலும் பெயரின் வேறு வடிவங்களும் உருபேற்காத வடிவமும் உள்ளனவா எனக் காணுதல்.

6. கட்டுரைக்கு ஒரே நிலையான முகவரியும், அதற்குத் தளத்தினுள்ளிருந்தே இணைப்பும் உள்ளனவா எனக் காணுதல்.

7. இவை யாவும் செம்மையாக இருப்பின், அதன்பின்னரே தரவரிசை பற்றிச் சிந்தித்தல்.

முன்பு தோன்றிய தளம் திடீரென மறைந்தால், முதலிரு படிகளோடு பாதுகாப்பு அறிவிப்புகளையும் கைமுறை நடவடிக்கை அறிவிப்புகளையும் சர்ச் கன்சோலில் காண வேண்டும். தளத்தில் அயலார் புகுந்து வணிகப் பக்கங்களை மறைவாகச் சேர்த்திருத்தலும் கூடும். ‘சைட்’ சோதனையில் தொடர்பற்ற தலைப்புகள் தோன்றுவது அதன் அறிகுறி.

சர்ச் கன்சோல், வாசகர் எச்சொல்லால் தேடி வந்தனர் என்பதை 16 மாதங்கள் வரை காட்டும். தனியுரிமை கருதி அரிய தேடல்கள் அதில் விடுபடும். எஞ்சியவற்றைக் கொண்டே மக்கள் ஓரூரின் பெயரை எவ்வாறு எழுதுகின்றனர் என்பதை அறியலாம். ஊர்ப்பெயராய்வுக்கு அது ஒரு துணைச்சான்றாகவும் அமையும்.

9. நிலைபேறு

கண்டடையத்தக்க பக்கமும் அழிந்துவிட்டால் பயனில்லை. தொடக்ககால இணையப் பக்கங்கள் பலவற்றைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, தனிநபர் தளங்கள் எத்தனையோ மறைந்தன. ஆர்வலர்கள் படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. ஒருவர் தம் பெயரில் பதிந்து நடத்தும் ஊர் வரலாற்றுத் தளம், அவர் கட்டணம் செலுத்தாத ஆண்டில் நின்றுவிடும். இணைய ஆவணகத்தின் ‘வேபேக் மெஷின்’ சேவையில் பக்கங்களைச் சேமித்து வைப்பதும், கோப்புகளின் படியொன்றைக் கல்லூரி நூலகத்தில் ஒப்படைப்பதும் தள உரிமையாளரின் பொறுப்புகளுள் அடங்கும்.

10. முடிவுரை

தமிழ் ஆய்வுத் தளங்களின் தேடுபொறிச் சிக்கல்களுட் பல, தரவரிசைப் போட்டியில் தோற்றதால் எழுந்தவை அல்ல. அவை போட்டிக்கு முந்தைய படிகளான அணுகலிலும் அட்டவணையிடலிலும் எழுபவை. அவற்றைத் தீர்க்கப் பெரும்பொருட்செலவு தேவையில்லை.

செய்யூர் – சேயூர் போன்ற பெயர் வேறுபாடுகளை எந்திரத்தின் ஊகத்திற்கு விடாமல், பாடவேறுபாடு காட்டும் பதிப்பு மரபின்படி உரையிலேயே பதிவு செய்தல் வேண்டும்.

பழைய குறியேற்றத்திலும் படவடிவிலும் உள்ள கட்டுரைகளை ஒருங்குறி உரையாக்குதலும், ஆய்வுக்கோவைகளைக் கட்டுரைவாரியாகப் பிரித்தலும் தமிழ்த்துறைகள் முன்னுரிமையுடன் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.

தேடும் ஆய்வாளரும் ஒரே வடிவத்தோடு நின்றுவிடாமல் இலக்கிய வடிவம், நிருவாக வடிவம், ரோமன் வடிவங்கள், பழைய மாவட்டப் பெயர் ஆகியவற்றால் தேடியபின்னரே முன்னாய்வு இல்லை என எழுதுதல் தகும். சேயூர் முருகன் மீது பிள்ளைத்தமிழும் உலாவும் இருக்க, செய்யூருக்கு இலக்கியம் இல்லை என ஓர் ஆய்வேடு கூறுமாயின், அப்பிழையில் தேடியவருக்கும் பதிவேற்றியவருக்கும் சமபங்கு உண்டு.